காறை எலும்பில் ஒரு முடிச்சு

வெனிசில் சான் போலோ பக்கம் ஜெர்வாசோவைத் தெரியாதவர்கள் இல்லை. தெரிந்தவர்களுக்கும் அவனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அச்சுப் புத்தகங்களுக்காகப் பேரிக்காய் மரப் பலகையில் படம் செதுக்குகிறவன். பேச்சு குறைவு. சொன்ன நாளில் வேலையை முடித்துக் கொடுப்பான். ஓர் ஆளின் நாற்பது வருடத்தை இப்படி மூன்றே வாக்கியத்தில் சுருட்டி வைப்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கைவந்த கலை. அந்த மூன்றுக்கு வெளியே ஒன்று மிச்சமிருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

பெர்கமோவுக்கு மேலே, மலைப் பள்ளத்தாக்கில் பிறந்தவன். அவனுக்கும் இரண்டு வயது இளைய தம்பிக்கும், அண்ணன் தம்பிகளான இரண்டு புனிதர்களின் பெயரையே அப்பா வைத்தார். பெரியவன் ஜெர்வாசோ, சின்னவன் புரோத்தாசோ. கோயிலில் அந்த இரண்டு பெயரையும் பிரித்துச் சொல்ல மாட்டார்கள். ஒருவன் பெயர் ஜெர்வாசோ என்றால் அவனுக்குப் புரோத்தாசோ என்று ஒரு தம்பி இருப்பான் என்று கேட்கிறவர்களே முடிவுகட்டிக்கொள்வார்கள். பின்னால் இது அவனுக்குப் பெரிய இடைஞ்சலாகிவிட்டது.

தம்பிக்கு ஏழு வயதாக இருக்கும்போது இருவரும் செஸ்நட் கொட்டை பறிக்கப் போனார்கள். தம்பி மரத்தின் மேலே, அண்ணன் கீழே கிளையை வளைத்துப் பிடித்தபடி. குளவி கொட்டியதும் அண்ணன் கிளையை விட்டுவிட்டான். தம்பி பாறையில் விழுந்து இடது காறை எலும்பை உடைத்துக்கொண்டான். அந்த ஊரில் குதிரைக்கு லாடம் அடிக்கிறவன்தான் மனிதருக்கும் வைத்தியன். அவன் போட்ட கட்டில் எலும்பு ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கூடியது. கழுத்துக்குக் கீழே கொண்டைக்கடலை அளவில் ஒரு முடிச்சு நின்றுவிட்டது. புரோத்தாசோ அதற்காகக் கோபப்பட்டதே இல்லை. சண்டை வந்தால் மட்டும் சட்டையை விலக்கிக் காட்டுவான்.

"தொட்டுப் பாருண்ணே. நீ வச்ச கடலை."

பிழைப்புக்கு மலையை விட்டு இறங்கியபோது தம்பி வெனிசுக்குப் பக்கத்து நகரமான பதுவாவில் படகுத்துறையில் சுமைகூலி ஆனான். இடது தோளில் சுமை ஏற்ற முடியாது என்பதால் எல்லாவற்றையும் வலது தோளிலேயே தூக்கினான். ஜெர்வாசோ வெனிசுக்கு வந்து அகோஸ்தீனோவின் பட்டறையில் சேர்ந்தான். கத்தி அவன் கைக்கு வாகாக இருந்தது. பத்து வருடத்தில் அகோஸ்தீனோ தன் மகள் ஓர்சாவையே அவனுக்குத் தருவதாகச் சொன்னார். தவக்காலம் தொடங்குமுன், திருவிழா நாட்களில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

அதற்கு மூன்று வாரம் இருக்கையில், ஜனவரிக் குளிரில், கறுப்பு அங்கி போட்ட ஒருவர் பட்டறைக்கு வந்தார். தூக்குக்குப் போகிறவர்களுக்குக் கடைசி இரண்டு நாள் துணையிருக்கும் சபையைச் சேர்ந்தவர். பதுவாவிலிருந்து படகில் வந்ததில் மூக்கு சிவந்துபோயிருந்தது.

"இங்க ஜெர்வாசோங்கிறது யாருப்பா?"

"நான்தாங்க."

"பதுவாவுல புரோத்தாசோன்னு ஒரு சுமைகூலி. துறையில மேஸ்திரியக் கொக்கியால அடிச்சுக் கொன்னுட்டான். வெள்ளிக்கிழமை தூக்கு. வெனிசுல அண்ணன் இருக்கான், கட்டை செதுக்குறான்னு சொல்றான். நீதானா அது?"

அகோஸ்தீனோவின் கத்தி நின்றது. மதியக் கஞ்சிப் பானையோடு வந்த ஓர்சா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இல்லீங்க," என்றான் ஜெர்வாசோ. "எனக்குத் தம்பி கிடையாது."

"யோசிச்சுச் சொல்லுப்பா. உன்னைப் பிடிச்சுட்டுப் போக வரல. பொணத்தை வாங்கிக்க ஆள் இருக்கான்னு கேக்கத்தான் வந்தேன். செலவுகூட சபை பாத்துக்கும்."

"அந்தாளு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க."

"அப்ப சரி. சொந்தம் யாரும் இல்லன்னு சொல்லிடறேன்."

அவர் போனதும் அகோஸ்தீனோ ஊசிபோலக் குத்தினார். "பேரு மட்டும் கச்சிதமாப் பொருந்துதே மாப்ளே?"

"மலையில பாதிப் பேருக்கு இந்தப் பேருதான் மாமா."

"இருக்கும், இருக்கும். பஞ்சம் பிடிச்ச மலையில ஆளுக்கொரு பேருக்கு எங்க போவாங்க!" என்று சிரித்துவிட்டு அவர் கத்தியை எடுத்தார். ஓர்சா பானையை வைத்துவிட்டுப் போனாள்.

ஜெர்வாசோ கெட்டவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொலைகாரனின் அண்ணனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று பயந்தான். பயம் வாயை முந்திக்கொண்டது. தம்பியை எங்கேயாவது புதைப்பார்கள், பிறகு போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றலாம் என்று நினைத்தான். அவ்வளவுதான் அவன் கணக்கு.

கல்யாணம் முடிந்து பத்து நாளில், பலகை சுமந்துவந்த தோனோலோ அந்தக் கணக்கைத் தப்பாக்கினான். அவனும் அதே பள்ளத்தாக்குக்காரன். பதுவாத் துறையில் புரோத்தாசோவோடு மூட்டை தூக்கியவன்.

"சொந்தம் இல்லன்னு சொன்னியாமே," என்றான் சுமையை இறக்காமலே. "அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா உனக்கு?"

ஜெர்வாசோ கத்தியைக் கீழே வைத்தான்.

"பதுவாக்காரன் பொணத்த டாக்டருங்க அறுக்க மாட்டாங்க. கேக்க ஆள் இருக்கிறவன் பொணத்தையும் தொடமாட்டாங்க. வெளியூர்க்காரன், நாதியில்லாதவன்னா நேரா அறுத்துப் பாடம் சொல்ற மேஜைக்குத்தான். ஒன்பது நாள் வச்சு அறுத்தாங்க. முந்நூறு பேர் கூட்டம். முகமூடி போட்டுக்கிட்டு, திருவிழாக்கூத்து பாக்கறாப்பல போயி பாத்தாங்க." பலகைகளைத் தொப்பென்று போட்டான். "கடைசிவரைக்கும் எங்கண்ணன் வருவான், எங்கண்ணன் வருவான்னே சொல்லிட்டிருந்தானாம்."

அதன் பிறகு தோனோலோ அந்தப் பட்டறைக்குச் சுமை தூக்க வரவில்லை.

அழுகை வரும் என்று ஜெர்வாசோ காத்திருந்தான். வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதைப் போல, கடைசி நாளில் தம்பி எப்படி இருந்திருப்பான் என்று வேண்டுமென்றே நினைத்துப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. பசித்தது, சாப்பிட்டான். வெங்காயமும் காடியும் ஊற்றிய மத்தி மீன் நன்றாகத்தான் இருந்தது. தனக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

ஈஸ்டர் கழிந்து பதுவாவிலிருந்து ஒரு பெட்டி வந்தது. லொதோவீகோ என்ற மருத்துவர் மனித உடம்பைப் பற்றிப் பெரிய புத்தகம் ஒன்று எழுதியிருந்தார். அதற்கான படங்களை ஓர் ஓவியர் இருபத்திரண்டு பலகைகளில் நேரடியாக வரைந்து அனுப்பியிருந்தார். தோலோடு நிற்கும் மனிதன், தோல் உரித்த மனிதன், தசை ஒவ்வோர் அடுக்காகத் தொங்க நிற்பவன், கடைசியில் வெறும் எலும்புக்கூடு. எலும்புக்கூடு ஒரு மண்வெட்டியில் சாய்ந்து, சற்று ஓய்வெடுப்பவன்போல நின்றது. கை நடுங்காதவன் என்று அகோஸ்தீனோ முழு உருவப் படங்களையெல்லாம் மாப்பிள்ளையிடமே கொடுத்தார்.

கட்டை செதுக்குகிறவன் படத்தைப் பார்ப்பதில்லை. கோட்டைப் பார்ப்பான். கோட்டின் இரண்டு பக்கமும் கத்தியால் கீறி, நடுவில் இருக்கும் மரத்தை உளியால் வாரி எடுப்பான். கோடு மட்டும் வரப்புபோல நிற்கும். அதிலும் பலகையில் எல்லாமே இடம் வலமாகத்தான் வரைந்திருக்கும். அச்சில் இடது கையாக வரவேண்டியது மரத்தில் வலப்பக்கக் கையாக இருக்கும். அது யார் கை, யார் முகம் என்று அவன் யோசிப்பதே இல்லை. முகம் எப்படியும் ஓவியர் ஏதோ பழைய சிலையைப் பார்த்துப் போட்டதுதான். கோடை முழுக்க ஜெர்வாசோ அந்த உடம்பைச் செதுக்கினான். தோனோலோ சொன்னது நினைவில் இருந்தது. பதுவாவில் வருடத்துக்கு இரண்டு மூன்று பேரை அறுக்கிறார்கள், இது யாராகவும் இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டே தொடை எலும்பைச் செதுக்கினான்.

செப்டம்பரில் எலும்புக்கூட்டுப் பலகை முடிந்தது. மை தடவி, ஈரக் காகிதத்தை வைத்துத் தேய்த்து, மூலையைப் பிடித்து உரித்தான். காகிதம் திரும்பியது. மரத்தில் வலப்பக்கம் இருந்தது தாளில் இடப்பக்கத்துக்கு வந்தது. இடது காறை எலும்பின் நடுவில் ஒரு முடிச்சு, கொண்டைக்கடலை அளவில்.

அவனே செதுக்கியதுதான். மூன்று நாளுக்கு முன்னால், ஒரு சின்ன வட்டத்தைச் சுற்றிக் கத்தியைத் திருப்பியது கைக்கு ஞாபகம் இருந்தது. ஓவியர் கண்ணால் பார்த்ததை அப்படியே வரைந்திருந்தார்.

"என்ன மாப்ளே, எங்கயாவது பிசகா?" என்றார் அகோஸ்தீனோ.

"இல்ல மாமா. நல்லா வந்திருக்கு."

அச்சுத் தாளைக் கொடியில் காயப்போட்டுவிட்டு உளிகளைத் துடைத்து வைத்தான். அன்று சாயங்காலம் ஓர்சா எதையோ கேட்டதற்கு இரண்டு முறை தப்பாகப் பதில் சொன்னான். அதைத் தவிர வேறு ஒன்றும் நடக்கவில்லை.

அக்டோபரில் மருத்துவரே வந்தார். நல்ல மனிதர், சுறுசுறுப்பானவர், யார் பேச்சையும் காதில் வாங்காதவர். தாள்களை மேஜையில் பரப்பி, திருத்த வேண்டிய இடங்களில் சிவப்புச் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டார். மொத்தம் ஏழு வட்டம். ஏழாவது வட்டம் காறை எலும்பின் மேல் விழுந்தது.

"இந்த முடிச்ச எடுத்துடுப்பா. அவன் சின்ன வயசுல எங்கயோ விழுந்திருக்கான், அவ்வளவுதான். இது அந்தச் சுமைகூலியோட எலும்பு. எனக்கு வேண்டியது மனுசனோட எலும்பு."

"சுமைகூலிங்களா?" என்றார் அகோஸ்தீனோ. அவர் கண் ஒரு நொடி மாப்பிள்ளை பக்கம் போய்த் திரும்பியது.

"ஆமா. போன ஜனவரியில தூக்குல போட்டவன். ஆனா என்ன உடம்புங்கிறீங்க! ஒவ்வொரு தசையும் கயிறு கயிறா. அந்த மாதிரி இனி எனக்குக் கிடைக்கப் போறதில்ல."

"இப்ப அந்த எலும்பெல்லாம் எங்கங்க?" என்று கேட்டார் அகோஸ்தீனோ.

"வேகவச்சு, கம்பியில கோத்து, என் அறை ஜன்னலோரமா தொங்கவிட்டிருக்கேன். எங்கிட்டப் படிக்கிற பசங்க அதுமேல தொப்பிய மாட்டி வைக்கறானுங்க, சொன்னாக் கேக்கறதில்ல."

"புதைக்கலீங்களா?"

"மிச்சத்தப் புதைச்சு, பூசையெல்லாம் முறையா வச்சாச்சு. எலும்பு வேணும்னு கேக்க அவனுக்கு யாரு இருக்கா?" ஜெர்வாசோவின் கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்ததை அவர் அப்போதுதான் கவனித்தார். "என்னப்பா, ஏதாவது கேக்கணுமா?"

கேட்டிருக்கலாம். எலும்பைக் கொடுங்கள், அவன் என் தம்பி என்று அந்த இடத்தில் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் மருத்துவர் முகம் சுளித்திருப்பார், ஆனால் கொடுத்திருப்பார். சட்டம் அப்படி. இதெல்லாம் ஜெர்வாசோவுக்குத் தெரியும். வாயில் நாக்கு இருந்ததும் தெரியும்.

"ஒண்ணுமில்லீங்கய்யா," என்றான்.

மறுநாள் திருத்த உட்கார்ந்தான். முதல் ஆறு வட்டங்களையும் மதியத்துக்குள் சரிசெய்தான். விலா எலும்பு ஒன்றில் கோடு தடித்திருந்தது, மெலிதாக்கினான். விரல் ஒன்று நீண்டிருந்த இடத்தில் மரத்தைத் துளைத்து, புதுத் துண்டு ஒன்றை அடைத்து, மறுபடி செதுக்கினான். ஏழாவது வட்டம்தான் எல்லாவற்றிலும் சுலபம். கத்தி முனையால் இரண்டு தள்ளு தள்ளினால் முடிச்சு தூளாகப் போய்விடும். கத்தியை வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான். பலகையைத் துணியில் சுற்றிக் கட்டிவிட்டான்.

அன்பு பொங்கி வந்து அவன் கையைத் தடுத்தது என்று நினைக்க வேண்டாம். எதுவும் பொங்கவில்லை. கை போகவில்லை, அவ்வளவுதான்.

"ஏழும் முடிஞ்சுதா?" என்று கேட்டார் மாமனார்.

"முடிஞ்சுது மாமா."

தம்பி விஷயத்தில் அது அவன் சொன்ன இன்னொரு பொய். இந்த முறை பொய் தம்பி பக்கம் இருந்தது.

புத்தகம் அச்சாகி வந்தபோது மருத்துவர் வேறு ஊரில், ஒரு பிரபுவின் கீல்வாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து தாளைப் புரட்டிக் குதித்திருப்பார். ஆனால் அதற்குள் அறுநூறு பிரதியையும் தைத்துக் கட்டியாகிவிட்டது. பிழை என்று ஒப்புக்கொள்வது அவருடைய சுபாவத்திலேயே கிடையாது. யாரோ ஒரு மாணவன் இது என்னவென்று கேட்டதற்கு, தசையைப் பிடித்துக்கொள்ள இயற்கை வைத்த குமிழ் என்று சொல்லிவிட்டார். சொன்னதை அடுத்த பதிப்பில் எழுதியும் வைத்தார். பதுவாவில் ஒரு தடவை பிணத்தை அறுத்தபோது குமிழைத் தேடி ஒரு மணி நேரம் போராடி, கடைசியில் பிணம்தான் கோளாறு என்று தீர்ப்புச் சொன்னார்களாம். படித்தவர்களுக்கு எப்போதும் ஒரு வழி கிடைத்துவிடுகிறது.

பிறகு மலைக்கு அப்பால் வேறு நாடுகளிலிருந்து கள்ளப் பிரதிகள் வரத் தொடங்கின. அங்கே இருந்தவர்கள் அச்சுப் படத்தை அப்படியே பலகையில் பார்த்து வரைந்தார்கள், இடம் வலமாகத் திருப்பாமல். அதனால் அவர்களுடைய புத்தகத்தில் எலும்புக்கூடு மண்வெட்டியை மற்ற கையில் பிடித்திருந்தது. குமிழும் வலது பக்கம் போய்விட்டது. குமிழ் இடதா வலதா என்று இரண்டு கட்சி உண்டானது. இதையெல்லாம் ஜெர்வாசோ பட்டறையில் உட்கார்ந்தபடி கேள்விப்பட்டான். கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தான்.

மாமனார் போய்ச் சேர்ந்தார். பட்டறை அவனுக்கு வந்தது. இரண்டு பெண்கள் பிறந்து, வளர்ந்து, கட்டிக்கொடுத்தும் ஆயிற்று. கொள்ளைநோய் வந்த வருடம் மூத்தவள் இறந்தாள். அதற்கும் அவன் அழவில்லை. ஓர்சா ஒருத்தியே இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அழுதாள். பதுவாவுக்கு அவன் ஒரு முறைகூடப் போகவில்லை. லொதோவீகோ இறந்து, அவர் சாமான்களெல்லாம் கைமாறிப்போன செய்தி வந்தபோது ஜன்னலோரம் தொங்கியது எங்கே போனது என்று விசாரிக்கவில்லை. ஜூன் மாதத்தில் அந்த இரண்டு புனிதர்களின் நாள் வரும்போது மட்டும் ஓர்சா மேஜையில் ஒரு தட்டு கூடுதலாக வைப்பாள். ஏன் என்று அவன் கேட்டதில்லை, அவளாகவும் சொன்னதில்லை.

அவனுக்கு அறுபத்தெட்டு வயது நடக்கும் வருடம், பிப்ரவரியில், பாலத்துப் படியில் பனி உறைந்திருந்தது. கால் வழுக்கி வலது பக்கமாக விழுந்தான். தோளைத் தூக்க முடியவில்லை. ஓர்சா அவனைக் கைத்தாங்கலாக நாவிதன் பெனெத்தோ கடைக்குக் கூட்டிப் போனாள். பல் பிடுங்குவதும் கட்டி கீறுவதும் எலும்பு கட்டுவதும் அவன்தான். சுவரில் ஒரு பழைய தாளை ஆணியடித்து மாட்டியிருந்தான். ஜெர்வாசோவின் எலும்புக்கூடு, கள்ளப் பிரதி. மண்வெட்டி மாறிய கையில் இருந்தது.

பெனெத்தோ காறை எலும்பை விரலால் தடவினான். மறுபடி தடவினான். சுவரைப் பார்த்தான்.

"இங்க ஒரு குமிழ் இருக்கணுமேங்க. காணோம்."

"இருக்காது," என்றான் ஜெர்வாசோ.

"அதெப்படி இருக்காது? எல்லா மனுசனுக்கும் உண்டு. விழுந்ததுல உடைஞ்சு உள்ள இறங்கியிருக்கு. கீறித்தான் எடுக்கணும்." கத்தியை எடுத்துத் துணியில் துடைத்தான். "அம்மா, அந்தக் கிண்ணத்தக் கொஞ்சம் பிடிங்க."

ஓர்சா கிண்ணத்தைப் பிடிக்காமல் புருஷனையே பார்த்தாள்.

"கத்திய வையி," என்றான் ஜெர்வாசோ. "அது எல்லாருக்கும் கிடையாது."

"புத்தகத்துலயே இருக்குதுங்களே!"

"அந்தப் புத்தகத்தச் செதுக்கினது நான்தான்."

"பாத்தீங்களா! நீங்களே செதுக்கிட்டு நீங்களே இல்லங்கிறீங்க."

"ஒரே ஒருத்தனுக்குத்தான் இருந்துச்சு. அதுவும் வலதுல இல்ல, இடதுல. உன் சுவத்துல இருக்கிறது திருட்டுக் காப்பி." மூச்சு வாங்கியது. "மரத்துல ஏறியிருந்தான். கிளைய நான்தான் விட்டுட்டேன்."

பெனெத்தோவுக்கு ஒன்றும் புரியவில்லை. கிழவருக்கு அடி தலையிலும் பட்டிருக்கும் என்று நினைத்து, குரலைத் தணித்துக்கொண்டான்.

"யாருங்க விழுந்தது?"

ஜெர்வாசோ வாயைத் திறந்தான். நாற்பத்தொரு வருடம் திறக்காத கதவு அது. திறந்தும் சத்தம் வரவில்லை. அப்போது ஓர்சா அவன் நல்ல தோளில் கை வைத்தாள்.

"புரோத்தாசோ," என்றாள். "சொல்லுங்களேன். அன்னிக்குக் கஞ்சிப் பானையோட நான் வாசல்லதானே நின்னேன். எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க?"

"தெரிஞ்சுமா கட்டிக்கிட்டே?"

"தெரிஞ்சுதான். நீங்க சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அவனுக்குத் தோள் வலித்தது. அதற்குக் கீழேயும் வலித்தது. சுவரில் இருந்தவனைப் பார்த்து அவன் அழுதான். மூக்கு ஒழுக, பல் போன வாய் கோண, நாவிதன் முன்னால் வெட்கமில்லாமல் அழுதான். பெனெத்தோ கத்தியைக் கீழே வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் தாளையும் கிழவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இவருங்களா? உங்களுக்கு யாருங்க இவரு, சொந்தமா?"

"சொந்தம்," என்றான் ஜெர்வாசோ. "என் கூடப்பிறந்த தம்பி."